அமெரிக்கர் வரவும் செலவும்

மேல்வகுப்பு மாணவரொருவர் எம்மிடம் ஒருநாள் ஒரு வினா விடுத்தார். சிக்கனமாய் வாழ்தல் நன்று எனச் சிறுவகுப்புத் தொடக்கம் ஆசிரியர்கள் சொல்லித் தருகின்றார்கள். ஆனால் அமெரிக்க மக்கள் செலவைக் குறைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தால், அதனைப் பத்திரிகைகள் இழவுச் செய்திபோல வெளியிடுகின்றன. இவ்விரண்டனுள் எது சரி என்பதே அவர் வினா. யாம் தமிழ் கற்பிப்பவர். பொருளியல் கற்பிப்பவர் அல்லேம். ஆயினும் நியாயமான வினாவைத் தட்டிக் கழிக்க மனம் ஒருப்படவில்லை. அதற்கு விடை தேடியபோது அறிந்தவற்றையே இவ்விழா மலர் வாயிலாக வாசகர்முன் வைக்கின்றோம்.

சொல்லிலே தொடங்குதல் தமிழாசிரியரின் பழக்கம். இக்காலத்திலே செலவு என்றவுடன் காசு கையைவிட்டுப் போவதே நினைவுக்கு வருகின்றது. பழந்தமிழிலோ செலவு என்பது செல்லுதல், வழிப்பயணம் என்னும் பொருளது. வரவு என்பது வருதல். ஒருவர் கையிலிருந்து காசு புறப்படுவது செலவு. அதே காசு இன்னொருவர் கையை அடைவது வரவு. நிகழ்வது ஒரே பயணம். புறப்பட்ட இடத்தில் நிற்பவர் அதற்கு ஒரு பெயரும், வந்து சேர்ந்த இடத்தில் நிற்பவர் வேறொரு பெயரும் இடுகின்றனர். ஒருவர் செலவே மற்றவர் வரவு என்னும் இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் அமெரிக்கப் பொருளாதாரத்தின் போக்கில் ஏறக்குறைய அரைவாசி விளங்கிவிடும். மற்றை அரைவாசிதான் தொல்லை தருவது.

முதலிலே அளவை நோக்குவோம். 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா உற்பத்தி செய்த பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பும் ஏறக்குறைய 29 இலட்சங்கோடி டொலர். இதில் நூற்றுக்கு 68 பங்கு அளவானது குடும்பங்கள் தம் நுகர்ச்சிக்காகச் செய்த செலவாகும். அரசாங்கச் செலவும், தொழில் முதலீடும், ஏற்றுமதி இறக்குமதி வேறுபாடும் எஞ்சியதை நிரப்புகின்றன. நுகர்ச்சி என்றவுடன் புடைவை, மோட்டார் வண்டி, தொலைக்காட்சிப் பெட்டி என்று எண்ணுதல் கூடாது. அந்நாட்டு மக்களின் நுகர்ச்சிச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீட்டு வாடகை, வைத்தியம், உணவகம், பிரயாணம் முதலிய சேவைகளுக்கே போகின்றது. ஆகவே வேலைகளும் அங்கேயே மிகுந்துள்ளன. தொழிற்சாலைகளில் உழைப்போர் சம்பளம் பெறுவோருள் நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. தாதியரும், சமையற்காரரும், கடைச் சிப்பந்திகளும், சாரதிகளுமே அமெரிக்கத் தொழிலாளருள் பெருந்தொகையினர்.

இனி, வரவு, வேலை, செலவு என்னும் மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு இழுத்துச் செல்கின்றன என்பதைக் காண்போம். மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்பெற்ற டெட்ரொயிட் நகரத்திலே தொழிலாளி ஒருவருக்கு வேலை போய்விட்டது எனக் கொள்வோம். அவர் மயிர் வெட்டுதலை ஒரு மாதம் தள்ளிப் போடுகிறார். புதிய சப்பாத்து வாங்குவதை நிறுத்துகிறார். சனிக்கிழமை உணவகத்துக்குப் போவதில்லை. அவரைப் போல ஆயிரம் பேர் செய்யும்போது உணவகக்காரர் பணியாள் ஒருவரை நிறுத்துகிறார். சப்பாத்துக் கடைக்காரர் கொள்முதலைக் குறைக்கிறார். நிறுத்தப்பட்ட பணியாளும் செலவைக் குறைக்கிறார். இவர்களுள் எவரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் நிலையில் அறிவுள்ளவர் செய்யத்தக்கதையே செய்தனர். அந்த அறிவுடைமைகளெல்லாம் ஒன்றுகூடி ஊரையே வறுமைப்படுத்துகின்றன. இச்சங்கிலி மேல்நோக்கியும் இவ்வாறே இயங்கும்: வேலை பெருகக் கூலி பெருகும், கூலி பெருகச் செலவு பெருகும், செலவு பெருக மீண்டும் வேலை பெருகும்.

இவ்விடத்து ஹென்றி போர்ட் என்பாரின் கதையைப் பலரும் சொல்வர். 1914 ஆம் ஆண்டு சனவரியிலே அவர் தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 5 டொலர் கொடுப்பதாக அறிவித்தார். அது அதுகாறும் கொடுத்த கூலியின் இருமடங்குக்கு அண்மையது. வேலை நேரமும் ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைக்கப்பட்டது. தாம் செய்யும் வண்டியைத் தம் தொழிலாளரே வாங்கவேண்டும் என்பதற்காக அவர் இவ்வாறு செய்தார் என்பது வழக்கமான கதை. கதை அழகானது, கணக்கு அதனோடு ஒத்துவரவில்லை. அவரது தொழிற்சாலையில் அப்போது இருந்தோர் ஏறக்குறைய 14,000 பேர். அங்கே ஓராண்டில் உருவான வண்டிகளோ இரண்டு இலட்சத்துக்கு மேல். தொழிலாளர் அனைவரும் ஆளுக்கொரு வண்டி வாங்கினாலும் பெரும்பகுதி எஞ்சியே நிற்கும். உண்மைக் காரணம் வேறு. நகரும் பட்டியில் ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்கும் வேலையை மனிதர் வெறுத்து ஓடினர். 1913 இல் அந்த 14,000 இடங்களை நிரப்பி வைத்திருப்பதற்கு 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. கூலியை உயர்த்தியபின் ஓட்டம் நின்றது. அக்கூலியைப் பெறுவதற்குக் குடிப்பழக்கம் இல்லாதிருத்தல், வீட்டைத் துப்புரவாய் வைத்திருத்தல் முதலான நிபந்தனைகளும் இருந்தன. வீடு வீடாய்ப் பார்த்துவரக் கம்பனியார் ஆட்களையும் அனுப்பினர். கூலி கொடுப்பவர் அடுப்படி வரைக்கும் வருதல் எமக்கு ஒவ்வாதது, அது நிற்க.

ஆயினும் வழக்கமான கதை முற்றும் பொய்யன்று. ஒரு முதலாளி கூலியை உயர்த்தினால் அது அவர் விற்பனைக்குப் பெரிதும் உதவாது. அக்காசு வேறெவருடைய கடைக்கோ போய்விடும். எல்லா முதலாளிகளும் உயர்த்தினால் எல்லாக் கடைகளிலும் கூட்டம் கூடும். ஒருவருக்குப் பொய்யாவது எல்லோருக்கும் சேர்த்து உண்மையாகின்றது. மாணவரின் வினாவுக்கு விடை இந்த முடிச்சிலேதான் இருக்கின்றது. இதன் மறுபக்கத்தை 1929 ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கா கண்டது.

1920 களிலே அந்நாட்டார் தவணை முறையில் பொருள் வாங்கப் பழகினர். அப்பத்தாண்டின் இறுதியிலே மோட்டார் வண்டிகளுள் பெரும்பாலானவை கடனுக்கே விற்கப்பட்டன. நாளை வரும் கூலி இன்றே செலவாகிவிட்டது என்பதே இதன் பொருள். 1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. பங்கு வைத்திருந்தோர் சிறுபான்மையினரே. ஆனால் அச்சம் எல்லோரையும் பற்றியது. தவணைக் கடன் தலைமேல் இருக்கையில் வேலை நிலைக்குமா என்று ஐயுற்றோர் புதிதாய் எதையும் வாங்கவில்லை. விற்பனை குறைந்தது, ஆட்குறைப்பு நிகழ்ந்தது, அடுத்து வங்கிகள் முறிந்தன. 1930 முதல் 1933 வரை ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடப்பட்டன. 1933 இல் வேலை செய்யக்கூடியவருள் நாலில் ஒருவருக்கு வேலையில்லை. 1929 இல் ஏறக்குறைய 104 பில்லியன் டொலராயிருந்த நாட்டுற்பத்தியின் மதிப்பு 1933 இல் ஏறக்குறைய 57 பில்லியனாயிற்று. நாட்டிலே மண்ணும் இயந்திரமும் தொழிற்றிறனும் முன்போலவே இருந்தன. கோதுமையை விற்க முடியாது உழவர் வருந்த, அதே நாட்டு நகரங்களிலே பாணுக்கு வரிசையில் மக்கள் நின்றனர். பஞ்சம் என்றால் விளைவில்லாமை என்று எண்ணிப் பழகிய எமக்கு இது புதுமையான பஞ்சம்.

நாலில் ஒருவர் வேலையிழந்தார் எனின், நாலில் மூவர் வேலையில் இருந்தார் அன்றோ? அவர் செலவு ஏன் குறைந்தது? கூலி குறைக்கப்பட்டது ஒரு காரணம். அடுத்து நம் முறை வருமோ என்னும் அச்சம் மற்றது. அச்சமும் ஒரு பொருளாதாரச் சக்தி என்பதைப் பிற்காலத்து அறிஞர் எளிதாய்க் கொள்ளவில்லை. 1940 களின் பிற்பகுதியிலே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கட்டோனா என்னும் உளவியலறிஞர், மக்கள் தம் நாளைய நிலைபற்றி என்ன நினைக்கின்றனர் என்று கேட்டுக் கணக்கெடுக்கும் முறையை நிறுவினார். அது இன்றளவும் தொடர்கிறது. அந்நாட்டில் வேலை போய்விடும் என்ற அச்சம் இருமடங்கானது. உழைக்கும் வயதினருட் பெரும்பாலோர் வைத்தியக் காப்புறுதியையும் வேலைகொடுப்போர் வழியாகவே பெறுகின்றனர். இலவச வைத்தியசாலை உள்ள நாட்டில் பிறந்த எமக்கு அவ்வச்சத்தின் கனம் எளிதிற் புலப்படாது.

அப்பெருமந்தம் கடல் கடந்து எம் முற்றம் வரை வந்ததைப் பழைய மாணவருட் சிலர் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பர். அமெரிக்கர் வண்டி வாங்காதபோது சக்கரத்துக்கு றப்பர் வேண்டியதில்லை. 1932 இல் நியூயோர்க்கில் ஓர் இறாத்தல் றப்பர் சில சதங்களுக்கு இறங்கியது. மலாயாவின் செல்வம் றப்பரிலும் வெள்ளீயத்திலும் தங்கியிருந்தது; அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் பலர் உத்தியோகம் பார்த்தனர். ஆட்குறைப்பு அங்கேயும் நிகழ்ந்தது. மாதந்தோறும் வந்த காசுக் கட்டளை நின்ற வீடுகள் எம் ஊர்களில் இருந்தன. டெட்ரொயிட்டில் ஒருவர் தள்ளிப்போட்ட செலவு, வல்வெட்டித்துறையிலோ சுன்னாகத்திலோ ஒரு வீட்டின் வராத வரவு ஆயிற்று.

இச்சங்கிலியின் நீளத்தை அளந்தவர் ஆங்கில நாட்டவர். கேம்பிரிட்ஜ் அறிஞர் றிச்சட் கான் 1931 இலும், அவர்தம் ஆசிரியர் ஜோன் மேனாட் கெயின்ஸ் 1936 இல் வெளியிட்ட நூலிலும் இதனை விளக்கினர். கணக்கு எளியது. ஒருவருக்குப் புதிதாய் 100 டொலர் வருகிறது. அவர் 80 ஐச் செலவு செய்து 20 ஐச் சேமிக்கிறார். அந்த 80 வேறொருவர் வரவு. அவர் 64 ஐச் செலவிடுகிறார். அடுத்தவர் 51 டொலர் 20 சதம். இப்படியே கூட்டிச் சென்றால் தொடக்கத்து நூறு, ஐந்நூறு டொலர் வருமானமாகப் பெருகும். கரும்பலகையில் இக்கணக்கைப் போட்டு மகிழலாம். நடைமுறையில் வரியும், பிறநாட்டுப் பொருளுக்குப் போகும் காசும் இடையிலே கசிவதால் பெருக்கம் இதனிலும் மிகக் குறைவு. குறைவேயாயினும் எவர் கையிலே அந்த முதல் நூறு போய்ச் சேர்கிறது என்பது முக்கியம். வாடகை கட்ட வழியின்றி இருப்பவருக்குக் கிடைத்த நூறு அந்தக் கிழமையே கடைக்குப் போகும். கோடீசுவரருக்குக் கிடைத்த நூறு வங்கிக் கணக்கிலே உறங்கும். நாட்டு வருமானம் எவ்வளவு என்று மாத்திரம் கேட்பவர் பாதி வினாவையே கேட்கிறார்.

1933 இல் பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பொதுவேலைகள் மூலமும் உதவிப்பணம் மூலமும் வேலையற்றோர் கையில் காசு சேரச் செய்தார். 1935 இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு ஓய்வூதியத்தையும் வேலையிழந்தோருக்கு உதவியையும் வகுத்தது. 1938 இல் மிகக் குறைந்த கூலி மணிக்கு 25 சதம் எனச் சட்டமாயிற்று. ஆனால் இடையிலே 1937 இல் வரவு செலவைச் சமன்செய்ய விரும்பி அரசு செலவைக் குறைத்தது. வங்கிகளின் கடன் கொடுக்கும் வசதியும் சுருக்கப்பட்டது. நிமிர்ந்து வந்த நாடு மீண்டும் சரிந்தது. வேலையின்மை முற்றாக நீங்கியது யுத்தத்தினாலேயே. 1944 இல் அது நூற்றுக்கு ஒன்றேகால் அளவுக்கு இறங்கியது. மக்களுக்கு வேலை கொடுக்க முடியும் என்பது யுத்த காலத்திலேதான் நிரூபிக்கப்படவேண்டுமா என்று எண்ணும்போது மனம் கசக்கின்றது.

யுத்தத்தின் முடிவிலே இன்னொரு பெருமந்தம் வரும் என்று பலர் அஞ்சினர். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விளக்க எம் அகத்திணை இலக்கணத்தில் ஒரு சொல் உண்டு, அது செலவழுங்கல். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் தலைவியின் துயரங் கண்டு பயணத்தைத் தள்ளிப்போடுதலை அது குறிக்கும். அவன் போகாமலே விட்டுவிட்டான் என்பது அதன் பொருளன்று. அவளைத் தேற்றிப் பின்னர்ப் போவான் என்பதே இலக்கண நூலார் கருத்து. குடும்பங்களின் செலவழுங்கலும் அத்தகையதே. 1942 பெப்ரவரி முதல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு மோட்டார் வண்டி செய்வது நிறுத்தப்பட்டிருந்தது. கூலி வந்தது, வாங்குதற்குப் பொருளில்லை, காசு யுத்தப் பத்திரங்களிற் சேர்ந்தது. 1945 இன் பின் தள்ளிப்போட்ட செலவெல்லாம் ஒன்றாய்ப் புறப்பட்டது. வண்டியும், குளிர்ப்பெட்டியும், வீடும் வாங்க மக்கள் முண்டியடித்தனர். படைவீரர் திரும்பிவந்து ஏற்ற வேலைகள் அங்கே இருந்தன.

எல்லாச் செலவும் இவ்வாறு தள்ளிப்போடத் தக்கதன்று என்பதையும் கூறவேண்டும். இவ்வாண்டு வாங்காத வண்டியை அடுத்த ஆண்டு வாங்கலாம். இம்மாதம் வெட்டாத மயிரை அடுத்த மாதம் இருமுறை வெட்டுவார் இல்லை. நாவிதர் இழந்தது இழந்ததே. சேவைத்தொழில் மிகுந்த நாட்டிலே இந்த வேறுபாடு பெரிது.

வேலையின்மை இத்தனை வீதம் என்று செய்தியிலே படிக்கிறோமே, அதனை எண்ணும் முறையையும் அறிதல் தகும். அரசினர் மாதந்தோறும் ஏறக்குறைய 60,000 குடும்பங்களைத் தெரிந்து வினவுகின்றனர். வேலையில்லாதிருந்து, கடந்த நான்கு கிழமைக்குள் வேலை தேடியவரே வேலையற்றவர். தேடித் தேடி மனமுடைந்து வீட்டிலிருப்பவர் அக்கணக்கில் சேரார். கிழமைக்குச் சில மணி நேரம் மட்டும் வேலை செய்பவர் வேலையுள்ளவரே. ஆகவே வீதம் குறைந்தது என்றவுடன் மகிழ்ந்துவிடாமல், தேடுவோர் குறைந்தனரா, வேலை பெருகியதா என்று நோக்குதல் அறிவு. முழுநேரம் வேலை செய்தும் போதிய கூலி இன்மை வேறொரு துயரம். நாடு முழுவதற்குமான குறைந்த கூலி 2009 இல் மணிக்கு 7 டொலர் 25 சதமாக்கப்பட்டது. பதினைந்து ஆண்டு கடந்தும் அது உயர்த்தப்படவில்லை. பல மாநிலங்கள் தம்மளவில் அதனிலும் கூடிய தொகையை விதித்துள்ளன.

2008 ஆம் ஆண்டின் கதை 1929 இன் தவணைக் கதையின் பெரிய வடிவம். இம்முறை கடன் வண்டிமேல் அன்று, வீட்டின்மேல். வீட்டு விலை ஏறிக்கொண்டே போகும் என நம்பிக் குடும்பங்கள் தம் ஆண்டு வருமானத்தை விஞ்சிக் கடன்பட்டன. விலை இறங்கியது, 2008 செப்டெம்பரில் லீமன் பிறதர்ஸ் என்னும் பெருநிறுவனம் முறிந்தது, 2009 ஒக்டோபரில் வேலையின்மை நூற்றுக்குப் பத்தாயிற்று. கடனை அடைக்கும் குடும்பம் புதிதாய்ச் செலவு செய்யாது. ஆதலால் மீட்சியும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2020 இல் நடந்தது வேறு. கொள்ளைநோயால் மார்ச்சு, ஏப்பிரில் என்னும் இரண்டே மாதங்களில் இரண்டு கோடிக்கு மேற்பட்ட வேலைகள் மறைந்தன. வேலையின்மை 14 வீதத்தைத் தாண்டியது. ஆயினும் அந்த ஏப்பிரிலில் அமெரிக்க மக்களின் மொத்த வருமானம் கூடியது! வளர்ந்தோர் பெரும்பாலோருக்குத் தலைக்கு 1,200 டொலரும், வேலையிழந்தோருக்கு வழக்கமான உதவிக்கு மேலாகக் கிழமைக்கு 600 டொலரும் அரசு கொடுத்தது. வேலைக்கும் வரவுக்கும் இடையிலுள்ள கட்டைச் சிலகாலத்துக்கு அவிழ்த்துவிட்டனர் எனலாம். கடைகள் மூடியிருந்ததால் அம்மாதம் வருமானத்தில் மூன்றிலொரு பங்கு அளவு சேமிப்பாயிற்று. பின் அச்செலவும் புறப்பட்டது. 2023 தொடக்கத்தில் வேலையின்மை 3.4 வீதமாயிற்று, 2008 இன் பின் பத்தாண்டு அளவு எடுத்தது இப்போது மூன்றாண்டுக்குள் முடிந்தது. ஆனால் காசு புறப்பட்ட வேகத்தில் பொருள் வந்து சேரவில்லை. துறைமுகங்கள் நெருக்குண்டன, 2022 இல் யுக்ரேன் யுத்தத்தால் எண்ணெயும் தானியமும் விலையேறின. 2022 யூனில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 9.1 ஐத் தொட்டது. மத்திய வங்கி வட்டியை ஏற்றியது; பூச்சியத்தை அடுத்திருந்த வீதம் 2023 யூலைக்குள் ஐந்தேகாலுக்கு மேலாயிற்று. வட்டி ஏறினால் வீடும் வண்டியும் வாங்குவோர் தயங்குவர். செலவழுங்கலை அரசே வேண்டுமென்று உண்டாக்கும் முறை இது. அதனால் வேலைகள் பெருந்தொகையாய் அழியும் எனப் பலர் கூறினர். அவ்வாறு நிகழவில்லை, விலையேற்றம் தணிந்தது. அரசு கொடுத்தது மிகை என்பாரும், தகும் என்பாரும் இன்னும் வாதிடுகின்றனர். பட்டினி கிடந்த நாலிலொருவரையும் விலையேறிய முட்டையையும் ஒரே தட்டில் வைக்க எமக்கு மனமில்லை. ஆயினும் கூலி உயராத ஏழைக்கு அம்முட்டையும் பெரிதே.

மாணவருக்கு யாம் சொன்ன விடை இது. ஒரு வீட்டுக்குச் சிக்கனம் நன்றே. அதனை இன்னும் கற்பிப்போம். ஆனால் வீடுகள் அனைத்தும் ஒரே கிழமையில் சிக்கனத்தைத் தொடங்குமாயின், சேமிக்க நினைத்த தொகை சேருமுன்பே சேமிப்பதற்குரிய வரவு போய்விடும். வேலை உள்ள காலத்தில் சிறிது சிறிதாய்ச் சேமித்த வீடு, கெட்ட காலத்தில் முழுவதும் கைமூட வேண்டியதில்லை; அரசுக்கும் அக்கணக்கே பொருந்தும். அவர் தலையசைத்தார், பின்னர், அமெரிக்கர் செலவு எங்களுக்கு ஏன் என்று கேட்டார். அவருடைய தமக்கையார் தைத்தல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

எமது நாட்டின் ஏற்றுமதியை மிகுதியாக வாங்கும் தனிநாடு ஐக்கிய அமெரிக்கா. வாங்குவதில் பெரும்பகுதி ஆடைகள். 2020 இல் அங்கே துணிக்கடைகள் மூடியபோது, கேட்டு வைத்த ஆடைகள் பலவற்றை வேண்டாம் என்றனர். இங்கே தைப்போர் பலர் கூலி குறைந்தும் வேலையின்றியும் இருந்தனர். அந்நாட்டு வேலைக் கணக்கு வழக்கமாக மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வாசிங்ரனில் காலை எட்டரைக்கு வெளியாகும். அப்போது எமக்கு மாலை ஆறு மணி. அவர்களின் குளிர்காலத்தில் ஏழு. தைத்தல் தொழிற்சாலைப் பேருந்துகள் பெண்பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே.